தானாக மூடும் கதவு

பேப்பரை மடிச்சு வெச்சுட்டு அந்த ஒரு விளம்பரத்தையே பாத்துட்டு வர்றீங்க. பெருமாநல்லூர் தாண்டியாச்சு, இன்னும் பக்கத்தைத் திருப்பக் காணோம். ‘நீச்சல் குளத்துடன் கூடிய தனி வீடுகள்.’ வாங்கப் போறீங்களாண்ணா? சும்மா பாக்கறீங்களா. சும்மா பாக்கறதுதாங்ணா நல்லது. நான் வாங்கலை, கட்டினேன். இப்பத் தாண்டி வந்தமே, அங்கேயிருந்து உள்ளே ரெண்டு கிலோமீட்டர். முப்பதடி நீளம், பதினஞ்சடி அகலம், ஒரு பக்கம் மூணடி ஆழம், அந்தப் பக்கம் ஆறடி. அடியில நீலக் கல்லு. காலையில வெயில் பட்டா அப்படியே போட்டோவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு குளத்தைக் கட்டிப்புட்டு அதைச் சுத்தி ஜெயிலாட்டம் கம்பி போட்ட ஒரே ஆள் இந்தத் திருப்பூர் ஜில்லாவுல நானாத்தான் இருப்பேன்.

என்ற பேரு கார்வேந்தனுங்ணா. பனியன் கம்பெனி வெச்சிருக்கேன். கார்ல போகாம ஏன் பஸ்ஸுல வர்றான்னு நினைப்பீங்க. கார் வீட்டுக்காரிகிட்ட இருக்கு. வீட்டுக்காரி கோபியில இருக்கா, அவங்கப்பா வீட்டுல. நாப்பது நாளாச்சு. கம்பெனி வேன் இருக்கு, வரலாந்தான். ஆனா டிரைவருக்கு எதுக்குத் தெரியணும் சொல்லுங்க. அவனுக்குத் தெரிஞ்சா செக்கிங் செக்‌ஷன் வரைக்கும் தெரிஞ்சுரும்.

இத்தனைக்கும் காரணம் அந்தக் கம்பி வேலிதான்.

தாரணியைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு ஆடிட் வேலைங்ணா. நாம துணி அனுப்பறோமில்ல வெளிநாட்டுக்கு, அதை அங்க வாங்கறவங்க சார்பா வந்து கம்பெனியைச் சோதிக்கிற வேலை. தீ அணைக்கிற சிலிண்டர் தேதி முடிஞ்சிருச்சா, தையல் மிஷின்ல ஊசிக்குத் தடுப்பு இருக்கா, அவசர வழி திறக்குதா. என்ற கம்பெனிக்கும் வந்தா. நாங்கதான் ஆடிட்னா அதுக்கு முந்தின நாளே எல்லாத்தையும் சரி பண்ணிருவமே. அவசர வழியில அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் எடுத்து, பின்பக்கம் சந்துல அடுக்கி வெச்சிருந்தோம். எல்லாரும் முன்வாசல்ல பூச்செண்டோட நிக்கறோம். அந்தப் பொண்ணு பின்பக்கச் சந்து வழியா வருது. பெட்டியைத் தாண்டி வர முடியாம அங்கேயே நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்துச்சு.

ஃபெயில் பண்ணிப்புட்டா. ஆறு மாசம் ஆர்டர் இல்லை.

அப்புறம் எப்படிக் கல்யாணம் நடந்துச்சுன்னு கேக்கறீங்க. ரெண்டாவது ஆடிட்டுக்கு வந்தப்ப பாஸ் பண்ணினா. அன்னிக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஃபெயில் பண்ணினப்பவே பிடிச்சிருந்துச்சுன்னும் சொல்லலாம். நம்ம சனம்தான், ஜாதகமும் பொருந்துச்சு. பாப்பா பொறந்ததும் வேலையை விட்டா. வேலையை விட்டாளே தவிர, ஆடிட்டை விடலைங்ணா. ஒரே ஒரு கம்பெனியை மட்டும் தினமும் ஆடிட் பண்ண ஆரம்பிச்சுட்டா. அந்தக் கம்பெனி நானு.

குளம் கட்டி முடிச்சு, தண்ணி விட நாள் பாத்தாச்சு. பாப்பாவுக்கு அப்ப ரெண்டரை வயசு. ஆதிரைன்னு பேரு. தாரணி ஒரு தாளை நீட்டறா. வெளிநாட்டுல வீட்டுல குளம் வெச்சிருக்கறவங்களுக்கு என்னென்ன விதின்னு படிச்சு, தமிழ்ல எழுதி, நம்பர் போட்டு வெச்சிருக்கா. நம்ம பஞ்சாயத்துல இப்படி எதுவும் யாரும் கேக்கலையேன்னேன். பாப்பாவுக்கு எந்தப் பஞ்சாயத்துன்னு தெரியுமான்னு கேட்டா. இப்படித்தாங்ணா பேச்சு போகும்.

குளத்தைச் சுத்தி நாலு பக்கமும் வேலி வரணுமாம். நான் சொன்னேன், மூணு பக்கம் போதும், நாலாவது பக்கம்தான் நம்ம வீட்டுச் சுவர் இருக்கேன்னு. அந்தச் சுவர்லதான் ஹாலோட கண்ணாடிக் கதவு இருக்கு, அதைத் திறந்தா நேரா குளம். அதுக்காகத்தான் அந்தக் கதவையே வெச்சேன். ‘குழந்தை வீட்டுக்குள்ளேயிருந்துதான வரும், ரோட்டுலயிருந்தா வரும்?’னு கேட்டா. நாலு பக்கமும் போட்டோம்.

அந்தோணின்னு ஒரு வெல்டர், நல்ல வேலைக்காரர். குறுக்குவாட்டுல கம்பி கொடுத்து, அலை மாதிரி வளைச்சு, அழகா ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார். தாரணி வந்து பாத்தா. குறுக்குக் கம்பின்னா அது குழந்தைக்கு ஏணின்னு சொல்லிட்டா. அத்தனையையும் அறுத்துப் போட்டு நேர் கம்பியா வெச்சார் பாவம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல நாலு அங்குலத்துக்கு மேல சந்து இருக்கக்கூடாதாம், குழந்தையோட தலை போயிருமாம். அதை எப்படி அளந்தாங்கறீங்க? உரிச்ச தேங்காயை எடுத்துட்டு வந்தா. சின்னக் காயா பொறுக்கி எடுத்துட்டு, ஒவ்வொரு சந்துலயும் அதை நுழைச்சுப் பாத்துக்கிட்டே குளத்தைச் சுத்தி வர்றா. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில நின்னு பாத்துட்டு, ஏதாவது பரிகாரமான்னு என்கிட்ட போன்ல கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல.

இன்னும் கேளுங்க. வேலிக்கு மூணடி தூரத்துக்குள்ள நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக்கூடாது, குழந்தை அது மேல ஏறிருமாம். வேலிக் கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும். திறந்து கையை விட்டா தானா மூடிக்கணும், மூடினா தானா பூட்டிக்கணும். தாழ்ப்பாள் என்ற நெஞ்சு உயரத்துக்கு மேல. ரெண்டு தடவை ஸ்பிரிங் மாத்தினாங்க. கடைசியில அது மூடுறப்ப ‘டக்’குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, வீடு பூரா கேக்கும். போறப்ப டக், வர்றப்ப டக். துண்டை மறந்துட்டு உள்ளே போனா டக், எடுத்துட்டு வந்தா டக். நிம்மதியா நீந்தக் கட்டின குளமுங்ணா அது.

நான் ஒரு நல்ல யோசனை சொன்னேன். இவ்வளவு எதுக்கு, நல்ல கேமரா நாலு போட்டுட்டா போன்லயே பாத்துக்கலாமேன்னு. ‘கேமரா தண்ணியில குதிக்குமா?’ன்னு கேட்டா. சரின்னு வேலியும் போட்டு கேமராவும் போட்டேன். அந்தக் கேமரா என்ற சொந்த யோசனைங்ணா. அதை நான் போட்டிருக்கவே கூடாது.

குன்னத்தூர் வந்துருச்சு போல. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி, உக்காருங்க, வண்டி இங்க ரொம்ப நேரம் நிக்காது.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பெங்களூர்லயிருந்து, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கற பையிங் ஆபீஸ் மேனேஜர் ஒருத்தர் வந்திருந்தார். பெரிய ஆர்டர் ஒண்ணு பேச வேண்டியிருந்துச்சு. ஆபீஸ்ல பேசறதை விட வீட்டுல, குளத்தோரமா, மத்தியானச் சாப்பாட்டோட பேசினா நல்லா இருக்கும்னு கூப்பிட்டேன். என்ற கூட்டாளி மயில்சாமியும் வந்திருந்தான். சாயப்பட்டறை வெச்சிருக்கான், பள்ளிக்கூடத்துல இருந்தே பழக்கம். இன்னும் நாலஞ்சு பேர். சாப்பாட்டுக்கு வெளிய சொல்லியிருந்தோம். வேலிக்கு உள்பக்கம், குளத்தோரமா மேசை, நாற்காலி எல்லாம் போட்டாச்சு.

சாப்பாடு வீட்டுக்குள்ளேயிருந்து வரணும். கையில தட்டை வெச்சுக்கிட்டு நெஞ்சு உயரத்துல இருக்கற தாழ்ப்பாளை எப்படித் திறக்கறது. பரிமாற வந்தவங்க ஒவ்வொரு தடவையும் முழிக்கறாங்க. மேனேஜர் ஒரு தடவை கை கழுவப் போயிட்டு வந்தார், கதவு அவர் முதுகுல வந்து இடிக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பேசிட்டு இருக்கறப்ப டக்கு டக்குன்னு அந்தச் சத்தம் வேற.

அப்புறம் கதவு திறந்திருந்துச்சு. பெரிய ஐஸ்பெட்டி ஒண்ணு இருந்துச்சு, அது கதவுக்கு முட்டுக் கொடுத்து இருந்துச்சு. அதனால கதவு திறந்தே இருந்துச்சு. எல்லாருக்கும் சௌகரியமாப் போச்சு.

தாரணி சமையலறையில இருந்தா. பாப்பா சாப்பிட்டுட்டு ஹால்ல தூங்கிட்டு இருந்தா. தூங்கறவளைப் பத்தி யாரு நினைப்பாங்க.

மேனேஜர் வேலியைப் பாத்து அசந்து போயிட்டார். இங்க யாரும் இப்படிச் செஞ்சு பாத்ததே இல்லைன்னு சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. எந்திரிச்சு வேலிகிட்டக் கூட்டிட்டுப் போயி விளக்கினேன். பாருங்க, நேர் கம்பி, நாலு அங்குலத்துக்கு மேல சந்து கிடையாது, கதவு தானா மூடிக்கும் தானா பூட்டிக்கும், எங்களுக்குப் பாதுகாப்புதாங்க முதல்ல, கம்பெனியிலயும் அப்படித்தான்னு. அவர் தலையாட்டிக் கேட்டுட்டு இருந்தார். ஆர்டர் கிடைச்ச மாதிரின்னு மயில்சாமி எனக்குக் கண்ணைக் காமிச்சான்.

அந்த நேரத்துலதாங்ணா பாப்பா எந்திரிச்சு வந்திருக்கா.

சத்தமே வரலை. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒரு சத்தம் போட்டிருந்தா நான் திரும்பிப் பாத்திருக்க மாட்டேனா? தண்ணியில விழுந்தா கத்துவாங்க, கையைக் காலை அடிப்பாங்கன்னுதான நாம நினைக்கறோம். அப்படி எதுவும் கிடையாது. பத்தடி தூரத்துல நின்னேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

வீட்டுக்குள்ளேயிருந்து தாரணி ஓடி வந்தா. என்னன்னு நாங்க திரும்பறதுக்குள்ள அவ தண்ணிக்குள்ள இருந்தா. சேலையோட. நீச்சலும் அவ்வளவாத் தெரியாதுங்ணா அவளுக்கு. பாப்பாவைத் தூக்கி ஓரத்துல போட்டுட்டு அவளும் ஏறி வந்தா. பாப்பா உதடு நீலமா இருந்துச்சு. தாரணி ஒண்ணும் அழலை. மண்டி போட்டு, வாயில ஊதி, நெஞ்சை அமுக்கி, எண்ணிக்கிட்டே செஞ்சா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணினா. ஆடிட் வேலையில இருந்தப்ப முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தாங்களாம். அதே பயிற்சியை என்ற கம்பெனியில வருசா வருசம் கொடுத்ததா நானும் கையெழுத்து வாங்கி ஃபைல் பண்ணி வெச்சிருக்கேன். எவனுக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது.

எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியலை. திடீர்னு பாப்பா தண்ணியைக் கக்கிட்டு இருமினா. அப்புறம் அழுதா. மேனேஜர் தரையில உக்காந்துட்டார். மயில்சாமிதான் எங்க காரை எடுத்தான், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு.

தனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தாரணி அப்புறமா நர்சுகிட்ட சொல்லிட்டு இருந்தா, அது என்ற காதுல விழுந்துச்சு. அந்த டக்குன்னு சத்தம் கொஞ்ச நேரமாக் கேக்கவே இல்லையாம். இத்தனை பேர் போக வர இருக்கறாங்க, சத்தத்தைக் காணோமேன்னு வெளிய வந்தாளாம்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. பயப்பட ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். பாப்பா எந்திரிச்சு உக்காந்து ஜூஸ் கேட்டுச்சு. சரி, எல்லாம் முடிஞ்சுது, நல்லபடியா ஆயிருச்சு, இனி சாமிக்கு ஒரு பொங்கல் வெச்சுட்டு வேலையைப் பாப்போம்னு நான் நினைச்சேன். தப்பா? அப்பத்தான் தாரணி கேட்டா, கதவுக்கு யாரு பெட்டியை வெச்சதுன்னு.

அங்க இருந்தது யாரு யாருன்னு நான் யோசிச்சுப் பாத்தேன். யோசிச்சுட்டு, மயில்சாமியா இருக்கும்னு சொன்னேன். அவன் அந்த ஆஸ்பத்திரி ரூம்லயேதான் நின்னுட்டு இருந்தான், கையில இளநியோட. இளநியை மேசை மேல வெச்சுட்டுக் குனிஞ்ச தலை நிமிராம வெளிய போயிட்டான். அதுக்கப்புறம் என்ற போனை எடுக்கறதே இல்லை. முப்பது வருசப் பழக்கமுங்ணா. ஒரு சின்ன விசயத்துக்குத் தோள் கொடுக்க மாட்டேங்கறான்.

தாரணி நேரா போனை எடுத்தா. கேமரா போன்லதான இருக்கு. காதுல ஒயரைக்கூட மாட்டலை, சத்தம் இல்லாமப் பாத்தா. ஒரு தடவை பாத்தா, மறுபடி பாத்தா. அப்புறம் போனை என்கிட்ட நீட்டினா.

நான் அதைப் பாத்திருக்கவே வேண்டாம். அதுல மணி, நிமிசம், செகண்டு எல்லாம் ஓடுதுங்ணா. பெட்டி வர்றது தெரியுது. பாப்பா வர்றது தெரியுது, கண்ணைக் கசக்கிக்கிட்டே. கதவுகிட்ட வந்து ஒரு நிமிசம் நிக்கறா. தினமும் மூடியிருக்கற கதவில்ல, திறந்திருக்கேன்னு நின்னிருப்பா போல. அந்தப் பக்கம் நான் முதுகைக் காட்டிக்கிட்டு வேலியைத் தட்டித் தட்டிப் பேசிட்டு இருக்கேன். சிரிக்கறேன். பாப்பா உள்ளே போயி ஒரு நிமிசம் நாப்பது செகண்டு கழிச்சுத் தாரணி வர்றா. அதுக்கப்புறம் அவ மண்டி போட்டு எண்ணிட்டு இருக்கறப்பக்கூட என்ற கையில சிக்கன் தட்டு இருக்குது. கீழ வெச்சுட்டதாத்தான் எனக்கு ஞாபகம். கேமராவுல பாத்தா, வெக்கவே இல்லை.

தாரணி கத்தலை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், சமாதானம் ஆயிருக்கும். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

“ஆடிட்டர் வந்திருந்தா நீங்க அந்தக் கதவைச் சாத்தி வெச்சிருப்பீங்க.”

ஆஸ்பத்திரியில பேரு வெட்டி வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு, பாப்பாவைப் பின்சீட்டுல படுக்க வெச்சுட்டு, அவளே கார் எடுத்துட்டு நேரா கோபி போயிட்டா. நான் ஆஸ்பத்திரி வாசல்ல மாத்திரைப் பையோட நிக்கறேன்.

பொறுமையா இருந்து பாத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு நானும் போனேன். வெறுங்கையோட போகலை. குளத்துத் தண்ணி எல்லாத்தையும் இறைச்சு வெளிய விட்டுட்டு, காலிக் குளத்தைப் போட்டோ எடுத்துட்டுப் போனேன். வேற எந்த ஆம்பளை செய்வான் சொல்லுங்க. தாரணி போட்டோவைப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டா. தண்ணி இருந்தா என்ன இல்லாட்டி என்ன, நான் கேட்டது அது இல்லைன்னா. அப்ப என்ன வேணும்னு கேட்டேன். நடந்ததை நடந்தபடி எங்கப்பா முன்னாடி சொல்லுங்க, மயில்சாமி அண்ணனைக் கூப்பிட்டு அவர்கிட்டயும் சொல்லுங்க, அது போதும்னா.

இவ்வளவுதானான்னு அங்கேயே உக்காந்து சொன்னேன். விருந்து வெச்சோம், மேனேஜர் வந்தார், கதவு திறந்திருந்துச்சு, பாப்பா உள்ளே போயிருச்சு, சாமி புண்ணியத்துல பிழைச்சுதுன்னு எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். என்ற மாமனார் மஞ்சள் விவசாயம் பண்றவர், அதிகம் பேச மாட்டார். எல்லாத்தையும் கேட்டுட்டு,

“தானா மூடற கதவுன்னு சொன்னீங்களே மாப்ள, அது எப்படித் தானாத் திறந்திருந்துச்சு?”ன்னார்.

நான் காத்தா இருக்கும்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலைங்ணா. வாயில அதுதான் வந்துச்சு. தாரணி உள்ளே போயி, சாப்பாடு ஆயிருச்சு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கன்னா. சாப்பிட்டேன். பாப்பா எதிர்ல உக்காந்து நான் சாப்பிடறதையே பாத்துட்டு இருந்தா. பக்கத்துல வரலை.

இப்ப ரெண்டாவது தடவையாப் போறேன். இந்தத் தடவை தயாராப் போறேனுங்ணா. என்ன சொல்றதுன்னு எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க, சட்டைப் பையில இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா? ‘கதவு திறந்திருந்ததுக்கு நானும் ஒரு காரணம்.’ எப்படி இருக்கு? நல்லா இருக்கில்ல. ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, கௌரவமாவும் இருக்கு. நாலஞ்சு தாள் எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் இது அமைஞ்சுது.

என்ன கேக்கறீங்க? கூட வேற யாரு காரணமா?

வேற யாருன்னா... எல்லாருந்தான். பரிமாறினவங்க, மேனேஜர். அவ அவ்வளவு உயரத்துல தாழ்ப்பாள் வெச்சதும் ஒரு காரணந்தான். பாப்பாவும் தூங்கிட்டு இருந்தவ தூங்கியிருக்கலாம்.

இல்லைங்ணா, அப்படிப் பாக்காதீங்க.

பெட்டியை யாரு வெச்சதுன்னா கேக்கறீங்க. பெட்டியைக் கையில தூக்கி எல்லாம் வெக்கலை. கையில தட்டு இருந்துச்சு. காலாலதான் தள்ளினேன். ரெண்டு தள்ளு. கேமராவுல அதுவும் நல்லாத் தெரியுது. தள்ளிட்டு, கதவு நிக்குதான்னு ஒரு தடவை ஆட்டிப் பாத்தேன். நின்னுச்சு. திருப்தியாத் திரும்பிப் போனேன்.

பாருங்க, உங்ககிட்டச் சொல்லிட்டேன். பேரு ஊரு தெரியாத உங்ககிட்டச் சொல்ல முடியுது. அங்க போயி உக்காந்தா காத்துங்கறேன்.

நானும்னு போடக்கூடாதுங்கறீங்களா. அந்த ‘உம்’மை எடுத்துறணும். எடுத்துட்டு, ஒரு காரணம்கறதுல ‘ஒரு’வையும் எடுத்துறணும். பேனா இருக்குங்களா? வேண்டாம், வண்டி ஆடுது, எழுத வராது.

அதை எடுத்துட்டா அந்தத் தாள்ல வேற யாரும் இல்லைங்ணா. நான் ஒருத்தன் மட்டுந்தான் நிக்கறேன்.

கண்டக்டர் கோபின்னு சொல்றாரா? காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்ணா. நான் இறங்கணும்.